மான்களுக்கு அரை ஏக்கர்

ஒரு கேலன் பால் கேனைவிடக் கனமான எதையும் மூன்று மாதத்துக்குத் தூக்கக் கூடாது என்று மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது நர்ஸ் சொன்னார். என் கணவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அது ஜூலை மாதம். அவருக்கு நெஞ்சைத் திறந்து மூன்று இடத்தில் பைபாஸ் செய்திருந்தார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அந்தப் பால் கேன்தான் கண்ணில் நின்றது. வீட்டில் எதெல்லாம் பால் கேனைவிடக் கனம் என்று மனம் பட்டியல் போட்டுக்கொண்டே வந்தது. லாண்டரிக் கூடை, அரிசி மூட்டை, வியாழக்கிழமை தெருவோரம் இழுத்து வைக்க வேண்டிய குப்பைத் தொட்டி. டாலஸ் பக்கம் நாங்கள் இருக்கும் காப்பெல்லிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் எங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கர் நிலம் இருப்பது அந்தப் பட்டியலில் வரவே இல்லை.

அந்த நிலத்தை வாங்க வேண்டாம் என்று சொன்னவள் நான். விவசாயம் எங்கள் இரண்டு குடும்பத்திலும் இல்லை. அவர் அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க், என் அப்பா ஸ்கூல் வாத்தியார். இவருக்கு ஆபீஸில் கூட வேலை செய்தவர்கள் நாலைந்து பேர் டாலஸைச் சுற்றி நிலம் வாங்கினார்கள், இவரும் வாங்கினார். முன்பு அங்கே மாடு மேய்ந்துகொண்டிருந்ததால் அதற்கு விவசாய நிலத்துக்கான குறைந்த வரி. வாங்கிய பிறகுதான் தெரிந்தது, மாடு போனால் அந்தச் சலுகையும் போய்விடும் என்று. மாடு வளர்க்க எங்களால் ஆகாது. அதற்குப் பதில் காட்டு விலங்குகளுக்கு உதவி செய்கிறோம் என்று கவுண்டி, அதாவது மாவட்ட, வரி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தால் அதே வரியிலேயே விடுவார்கள். மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுத்து, செய்து, போட்டோவோடு அறிக்கை அனுப்ப வேண்டும்.

ஏப்ரலில் அவர் படிவம் நிரப்பினார். தண்ணீர்த் தொட்டி ஒன்று, பறவைக்கூடுகள் மூன்று, மான்களுக்குத் தீவன நிலம் அரை ஏக்கர். தொட்டியையும் கூடுகளையும் மே மாதமே வைத்துவிட்டார். தீவனத்தை இலையுதிர் காலத்தில்தான் விதைக்க வேண்டும் என்பதால் அது மட்டும் பாக்கி. அதற்குள் ஜூலை வந்துவிட்டது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது அவர் சொன்னார்.

"செப்டம்பர் வரப்போவுது. புல்ல அழிக்கணும்."

"எந்தப் புல்ல?"

"நிலத்துல. இப்ப அழிச்சாத்தான் அக்டோபர்ல விதைக்க முடியும்."

"யாரு அழிக்கறது?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "நான் கூட வர்றேன். நீ பண்ணு. நான் சொல்றேன் எப்படின்னு."

அவருக்கு அப்போது முழுச் சம்பளம் இல்லை. மருத்துவமனை பில்கள் தனித்தனி உறைகளில் வந்துகொண்டிருந்தன. ஆள் வைத்து டிராக்டர் ஓட்டச் சொல்லலாம் என்ற பேச்சை நான் எடுக்கவில்லை. ஆஸ்டினில் படிக்கும் மகளுக்கு போன் செய்து சொன்னேன். அவள் வழக்கம்போல ஆங்கிலத்தில், "அம்மா, ஜஸ்ட் செல் இட்" என்றாள். அப்பாவிடம் நீயே சொல் என்றேன். அவர் இப்போதுதான் உடம்பு தேறி வருகிறார், என்னால் சொல்ல முடியாது என்றாள். என்னாலும் முடியவில்லை.

அப்படித்தான் சனிக்கிழமைகள் போயின. நான் ஒரு பேங்குக்கு காண்ட்ராக்டில் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை மூடும்போதே தோள் இரண்டும் கல்லாக இருக்கும். சனிக்கிழமை விடிந்ததும் மினிவேனில் தண்ணீர் கேன், தயிர்சாதம், மடக்கு நாற்காலி, குடை, அவர் மாத்திரை டப்பா எல்லாம் ஏற்றி ஃப்ரீவேயில் கிழக்கே போவோம். நான்தான் ஓட்டுவேன். அவர் வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவர் சாவியைக் கேட்கவில்லை, நான் கொடுக்கவும் இல்லை. அங்கே போனதும் ஓக் மரத்தடியில் நாற்காலியை விரித்து அவரை உட்கார வைப்பேன். இருமும்போது நெஞ்சில் அழுத்திக்கொள்ள ஆஸ்பத்திரியில் கொடுத்த சிவப்புத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, போனில் வீடியோ பார்த்து எனக்கு வழி சொல்வார்.

முதல் சனிக்கிழமை களைக்கொல்லி. முதுகில் மாட்டும் ஸ்ப்ரேயரில் நாலு கேலன் பிடிக்கும். நாலு பால் கேன். ஆரஞ்சுக் கொடி கட்டிய கம்பிகளை நிலத்தைச் சுற்றி நட்டு அரை ஏக்கரை அடையாளம் வைத்திருந்தார் அவர், மே மாதத்தில். அந்தக் கொடிகளுக்குள் நான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன். அங்கே முளைத்திருந்தது பெர்முடா புல். வைக்கோலுக்காக முன்பு யாரோ போட்டது. கயிறு கயிறாக மண்ணுக்குள் ஓடி எங்கெங்கோ தலைநீட்டும்.

"அங்க ஒரு பட்டை விட்டுட்ட," என்பார் நாற்காலியிலிருந்து.

"எங்க?"

"உனக்கு லெஃப்ட்ல. இன்னும் லெஃப்ட்ல."

ஏழு முறை ஸ்ப்ரேயர் தொட்டியை நிரப்பி அடித்து முடித்தேன். வேனை வெளியே எடுத்து, வாசல் கேட்டைப் பூட்டி, பெரிய ரோட்டுக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வானிலையில் சொல்லாத மழை. அடித்தது எல்லாம் கழுவிப் போயிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த சனிக்கிழமை திரும்பவும் ஏழு தொட்டி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நிற்கும்போது நான் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு ஆன்ட்டி, பிரசங்கம் முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ரொம்ப ஸ்ட்ராங்மா. உன்னப் பாத்தா எங்களுக்கே தெம்பா இருக்கு" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. காபி எடுத்துவரப் போவதுபோல நகர்ந்துவிட்டேன்.

புல் செத்துப் பழுப்பானதும் மண் பரிசோதனைக்கு எடுத்தோம். பத்து இடத்தில் சிறு குழி போட்டு, ஒரு பக்கெட்டில் கலந்து, ஒரு பிடியைப் பையில் போட்டு யுனிவர்சிட்டி லேபுக்கு அனுப்பினோம். அந்தப் பக்கத்து மண் வெறும் மணல், புளிப்பு அதிகம், சுண்ணாம்பு போட வேண்டும் என்று முடிவு வந்தது. தீவனக் கடையில் அது நாற்பது பவுண்டு, அதாவது பதினெட்டு கிலோ, மூட்டைகளாகக் கிடைத்தது. கடைப் பையன் வேனில் ஏற்றிக் கொடுத்துவிட்டான். இறக்க நான்தான். ஒவ்வொரு மூட்டையையும் குழந்தையை இடுப்பில் தூக்குவதுபோல அணைத்துத் தூக்கி, சிறிது தூரம் போய்ப் போட்டு, கத்தியால் கிழித்து, கையால் வீசினேன். வியர்வையில் சுண்ணாம்பு ஒட்டி முழங்கைக்குக் கீழே எல்லாம் எரிந்தது.

நான் ஐந்தாவது மூட்டைக்குத் திரும்பி வந்தபோது வேனின் பின்கதவுப் பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு மூட்டையின் காதைப் பிடித்து விளிம்புவரை இழுத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்ன பண்றீங்க?"

"தூக்கல. இழுத்துத்தான் வெச்சேன்."

"உக்காருங்க."

"உனக்கு எடுக்க ஈஸியா இருக்குமேன்னு..."

"உக்காருங்க, ப்ளீஸ். திருப்பி ஒரு தடவ அந்த ஆஸ்பத்திரில என்னால உக்கார முடியாது."

அவர் போய் உட்கார்ந்தார். தலையணையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அதற்குப் பிறகு லெஃப்ட், ரைட் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மண்ணைக் கீற வேண்டிய சனிக்கிழமை அக்டோபர் முதல் வாரம் வந்தது. டிராக்டர் இல்லாதவர்கள் என்ன செய்யலாம் என்று அவர் எங்கோ பார்த்து வைத்திருந்தார். சங்கிலி வேலித் துண்டு ஒன்றை வண்டிக்குப் பின்னால் கட்டி, மேலே கனம் வைத்து இழுத்தால் அது மண்ணைச் சுரண்டிவிடும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பழைய வேலியைப் பிடுங்கிப் பெரிய குப்பை எடுக்கும் நாளுக்காக வெளியே போட்டிருந்தார்கள். அதிலிருந்து ஒரு சுருளை, அவர்களிடம் கேட்டுவிட்டு, எடுத்து வந்தேன். செத்த புல்லை முதலில் இரும்பு ரேக்கால் வாரி ஒதுக்க வேண்டியிருந்தது. அதற்கே இரண்டு சனிக்கிழமை ஆகியிருந்தது. அதுவும் பாதி நிலத்துக்குத்தான்.

வேலித் துண்டின்மேல் நாலு சிமென்ட் கல் வைத்துக் கட்டி, மினிவேனின் பின்பக்கக் கொக்கியில் கயிறு போட்டு, மெதுவாக ஓட்டினேன். மகளை ஏற்றிக்கொண்டு வயலின் கிளாஸுக்கும் நீச்சல் கிளாஸுக்கும் ஓட்டிய வண்டி. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் தூசி எழும்பியது, தூசிக்குக் கீழே மண் புதிதாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது. போய்த் திரும்பி, போய்த் திரும்பி, ஆறேழு சுற்று. வாரி வைத்த பகுதி முழுக்க ஒருமாதிரி கீறி முடித்து, மூலையில் திரும்பும்போது வலது சக்கரம் மணலில் சுற்ற ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க உள்ளே போயிற்று.

சத்தம் கேட்டு எதிர் நிலத்துக்காரம்மா ரோட்டைத் தாண்டி வந்தார். அறுபது வயது இருக்கும், ஸ்கூல் பஸ் ஓட்டுபவர். நாலைந்து ஆடும் சின்ன டிராக்டரும் வைத்திருந்தார். அதுவரை கையசைத்ததோடு சரி. சக்கரத்தைப் பார்த்தார், வேலித் துண்டைப் பார்த்தார், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். சிரிக்கவில்லை. போய் டிராக்டரை எடுத்து வந்து, சங்கிலி போட்டு, ஒரு நிமிடத்தில் வேனை வெளியே இழுத்துவிட்டார்.

பிறகு, "என்னிடம் டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் டிஸ்க் கலப்பை இருக்கிறது. இதை முழுசும் ஒரு மணி நேரத்தில் கிளறித் தந்துவிடுவேன். டீசல் காசு கொடுத்தால் போதும்" என்றார் ஆங்கிலத்தில்.

நான் வாயைத் திறப்பதற்குள் மரத்தடியிலிருந்து அவர் குரல் வந்தது. ரொம்ப நன்றி, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மா என்னை ஒரு கணம் பார்த்தார். சரி ஹனி என்று சொல்லிவிட்டு டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போனார்.

நான் வேனுக்குள் ஏறி ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நாங்களே என்று யாரைச் சொன்னார் இவர் என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொள்ள டிஷ்யூ தேடும்போது டாஷ்போர்டு அறையில் அந்த நிலத்துக் காகிதங்கள் இருந்த ஃபைல் கையில் வந்தது. சும்மாதான் பிரித்தேன். கண்ணுக்கு வேறு ஏதாவது வேண்டியிருந்தது. அவர் கையெழுத்தில் நிரப்பிய படிவத்துக்குப் பின்னால் கவுண்டி கொடுத்த வழிகாட்டித் தாள்கள். வேலையில் தினமும் நான் படிப்பது இப்படிப்பட்ட தாள்களைத்தான். எவ்வளவு நிலத்துக்கு எவ்வளவு தீவன நிலம் குறைந்தபட்சம் வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதை இரண்டு முறை படித்தேன். எங்கள் நிலத்துக்கு வேண்டியது, காப்பெல்லில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியளவுதான். அரை ஏக்கரில் கால்வாசி. நிலைமை மாறினால் அந்தப் பக்கத்தை மட்டும் திருத்திக் கையெழுத்திட்டு அனுப்பலாம் என்றும் இருந்தது.

ஏழு தொட்டி மருந்து அடித்த இடத்தில் இரண்டு தொட்டியே போதுமாக இருந்திருக்கும்.

தாளை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

"எது?"

"இவ்வளவு போதும்கறது."

தாளை வாங்கிப் பார்க்கவில்லை அவர். "தெரியும்."

"எப்பலருந்து?"

"ஏப்ரல்ல ஃபில் பண்ணும்போதே."

"அப்ப ஏன் அரை ஏக்கர்னு போட்டீங்க?"

"அப்ப நான்தானே பண்ணப் போறேன்னு நெனச்சேன். பெருசா இருக்கட்டும்னு போட்டேன்."

"சரி. ஆபரேஷனுக்கு அப்புறம்? ஒரு பக்கம். ஒரு ஸைன்."

மேலே ஓக் மரத்திலிருந்து ஏதோ அவர் தோளில் விழுந்தது, அதைத் தட்டிவிட்டார்.

"எடுத்தேன். ஆகஸ்ட்ல. நீ மாடில மீட்டிங்ல இருந்த. பேப்பர டைனிங் டேபிள்ல வெச்சுட்டு, பேனாவத் தெறந்து உக்காந்தேன். அரைங்கறத அடிச்சுட்டு சின்னதா ஒரு நம்பர் எழுதணும். அவ்ளோதான். எழுத வரல."

"எழுத வரலன்னா என்ன அர்த்தம்?"

"எழுதிட்டா அவ்ளோதான்னு ஆயிடும்னு தோணுச்சு. இனிமே நான் இப்படித்தான்னு."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பில் அதற்கு இடமே இல்லை.

"உங்களுக்கு எழுத கை வரல. அதனால என் கை ரெண்டும் போச்சு," என்றேன். "ரேக் பிடிச்சுப் பிடிச்சு ராத்திரில விரல மடக்க முடியல எனக்கு. நீங்க கேக்கவே இல்ல."

"நீயும் சொல்லலியே."

அதுதான் கோபத்தை வரவழைத்தது. அது உண்மை என்பதால் இருக்கலாம். தாளை அவர் மடியில், தலையணைமேல் வைத்துவிட்டு நடந்தேன். கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, அந்த அம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். அமெரிக்காவில் இருபது வருடத்தில், சொல்லாமல் ஒருவர் வீட்டுக் கதவை நான் தட்டியது அப்போதுதான்.

உள்ளே வரச் சொல்லி ஐஸ் டீ கொடுத்தார். டிஸ்க் வேண்டும், முழுசும் வேண்டாம், கொஞ்சம் கிளறிக் கொடுத்தால் போதும் என்று கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். நீங்கள் வேண்டாம் என்றதும் என் தம்பி போன் செய்து கேட்டான், இப்போதுதான் வந்து டிஸ்க்கை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனான், தேங்க்ஸ்கிவிங் வரை அவனிடம்தான் இருக்கும் என்றார். அரை மணி நேரத்தில் போய்விட்டிருந்தது.

நான் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு, ஐ ஆம் வெரி டயர்ட் என்றேன். சொன்ன பிறகுதான் அதை யாரிடமும் இதுவரை சொல்லவில்லை என்று தெரிந்தது. ஜூலையிலிருந்து எத்தனை பேர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருப்பார்கள். மகள் கேட்டாள், ஆபீஸில் கேட்டார்கள், சர்ச்சில் கேட்டார்கள். எல்லாருக்கும் பரவாயில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அப்படியானால் நிறுத்திவிடு" என்றார். "எதுவரை கீறியிருக்கிறாயோ அதுவரை போதும். இது மணல், ஆழமாகக் கிளற வேண்டியதும் இல்லை. செவ்வாய்க்கிழமை மழை என்று வானிலையில் சொல்லியிருக்கிறார்கள். விதை இருந்தால் இன்றைக்கே போட்டுவிட்டு வீட்டுக்குப் போ."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "காட்டுப்பன்றி வரும். அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது" என்றும் சொன்னார்.

திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. சுற்றிலும் தேடினேன். அப்புறம் அவரைப் பார்த்தேன். நிலத்தின் அந்தக் கோடியில் குனிந்து ஒரு கொடிக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கையில் ஏற்கெனவே ஏழெட்டுக் கொடிகள். அவற்றைக் கொண்டுவந்து, நான் கீறி முடித்திருந்த இடத்தின் ஓரமாக ஒன்றொன்றாக நட்டுக்கொண்டு வந்தார். நாலடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினார். நான் தடுக்கவில்லை. கம்பி ஒன்றும் பால் கேன் கனம் இல்லை.

நட்டு முடித்துப் பக்கத்தில் வந்தார். "இது போதும்," என்றார்.

"அந்தப் பேப்பர்?"

"திருத்தி எழுதி அனுப்பிடறேன். நாளைக்கு."

மன்னிப்பு என்று அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

சுண்ணாம்போடு வாங்கி வேனிலேயே வைத்திருந்த விதையை அவர் உட்கார்ந்தபடியே கலந்தார். ஓட்ஸும் ரையும் பெரிய விதை, அப்படியே வீசலாம். க்ளோவர் என்ற தீவனப் பயிரின் விதை கடுகைவிடப் பொடி. வீசினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும் என்று ஒரு கப் விதைக்கு நாலு கப் மணல் என்று பக்கெட்டில் போட்டுப் பிசைந்தார். நான் வீசிக்கொண்டே நடந்தேன். கடைசிப் பக்கெட்டில் கால்வாசி இருக்கும்போது அதை அவரே வாங்கிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நடந்து வீசினார். வலது கை உயர வரவில்லை, இடது கையால் வீசினார். அப்புறம் விதையை மண்ணில் அழுத்த வேண்டும் என்று படித்தது ஞாபகம் வந்து, வேலித் துண்டைக் கழற்றிவிட்டு வேனையே விதைத்த இடத்தின்மேல் நாலைந்து முறை முன்னும் பின்னும் ஓட்டினேன். எல்லா இடத்திலும் ஓட்டத் தெம்பில்லை.

திரும்பும்போது அவர் டிரைவர் கதவுப் பக்கம் போய் நின்றார். "நான் ஓட்டறேன்," என்றார். சாவியைக் கொடுத்தேன். ஃப்ரீவே வருவதற்குள் தூங்கிவிட்டேன். வீட்டு கராஜ் கதவு திறக்கும் சத்தத்தில்தான் விழித்தேன்.

செவ்வாய்க்கிழமை மழை பெய்தது. அதற்கடுத்த சனிக்கிழமை நாங்கள் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. மூன்றாம் வாரம் போனபோது பன்றிகள் வந்துபோயிருந்தன. நிலத்தில் பாதி உழுததுபோலக் கிடந்தது. சொல்லப்போனால் நான் உழுததைவிட நன்றாக உழுதிருந்தன. விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்த ஓட்ஸ் வேரோடு மல்லாந்து காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதன் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றார். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"நல்லவேள, அரை ஏக்கர் போடல," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜூலைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தது அன்றைக்குத்தான். அவருக்குச் சிரித்தால் நெஞ்செலும்பு வலிக்கும். வலித்தது, பிடித்துக்கொண்டே சிரித்தார்.

மிச்சமிருந்த பாதியிலும் பயிர் சமமாக வரவில்லை. வேன் சக்கரம் போன தடங்களில் மட்டும் பச்சை அடர்த்தியாக, இரண்டிரண்டு கோடாக நின்றது. சக்கரம் போகாத இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றும். எதிர்வீட்டு அம்மா வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டு, விதைக்கு மண்ணோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அது கிடைத்த இடத்தில் வந்திருக்கிறது என்றார். பன்றி தோண்டிப்போட்ட இடத்தில் மீந்த ரை விதையைத் தூவிவிட்டுப் போங்கள், உழவுக் கூலி மிச்சம் என்றார். தூவினோம். அது டிசம்பரில் முளைத்தது. திட்டமிட்டுப் போட்டதைவிட அது நன்றாக வந்தது.

ஜனவரியில் அறிக்கைக்குப் போட்டோ எடுக்கப் போனோம். மான் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. ஆனால் ஓட்ஸ் நுனியெல்லாம் கத்தரித்ததுபோல இருந்தது. மணலில் பிளந்த குளம்புத் தடம். தடத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக, மிளகைவிடப் பெரிதாக, புழுக்கைகள். அளவு தெரிய ஏதாவது பக்கத்தில் வைத்து எடுக்க வேண்டும் என்று வழிகாட்டியில் இருந்தது. ஸ்கேல் கொண்டுவரவில்லை. பையைத் துழாவி என் ஆபீஸ் ஐடி கார்டை எடுத்துப் புழுக்கைக்குப் பக்கத்தில் வைத்தேன். படத்தில் என் முகமும் அதுவும் சேர்ந்து விழுந்தன. முகம் தெரியாமல் கார்டைத் திருப்பிப்போட்டு இன்னொன்று எடுத்தேன்.

வசந்தத்தில் கவுண்டியிலிருந்து கடிதம் வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று ஒரு வரி. நான் மாடியில் மீட்டிங்கில் இருந்தேன். அவர் படியேறி வந்து, கடிதத்தை என் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மற்றொரு கையில் காபி. மீட்டிங்கில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வருஷமும் போடணும்ல," என்றார் மெல்ல.

"செப்டம்பர் வரட்டும். அப்ப என்னால முடியுதான்னு சொல்றேன்."

"நானே பண்ணிடுவேன்."

"அதையும் அப்பப் பாக்கலாம்."

சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். முன்புபோல ஒவ்வொரு படியிலும் நின்று கைப்பிடியைப் பிடிக்காமல், நேராகவே இறங்கினார். மீட்டிங்கில் என் முறை வர இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். கேமராவை அணைத்துவிட்டு, நாற்காலியைச் சாய்த்து, காபி ஆறுவதற்குள் குடித்தேன்.